ஒரு கை நுழையும் இடைவெளி

முதல் நாள் பதிவைத் திரும்பப் போட்டுக் கேட்டபோது, ஒரு வாக்கியம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முன்னால் நுவாரா மூச்சை இழுக்கிற அந்தச் சின்ன இடைவெளியில், தொப்பென்று ஒரு சத்தம் இருந்தது. ஈரமான எதையோ கம்பால் அடித்த சத்தம். நாற்காலி ஆடியிருக்கும், புத்தகம் சரிந்திருக்கும் என்று நினைத்து அந்த இடத்தைக் கத்தரித்துவிட்டு மேலே கேட்டாள். அடுத்த மூச்சிலும் அது இருந்தது. அதற்கடுத்த மூச்சில் இல்லை, அவளும் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள்.

ஓரான் நகரத்தில் சத்தத்துக்குப் பஞ்சம் கிடையாது. விடியும்போதே மத்தி மீன் விற்கிறவன் தொண்டையைத் திறந்துவிடுவான். பகல் முழுக்க ஹாரன். சாயங்காலமானால் படிக்கட்டு நிறையப் பிள்ளைகள், பந்து, அழுகை. வீட்டுக்குள் உட்கார்ந்து குரலை விற்றுப் பிழைக்க நினைக்கிறவளுக்கு வருஷத்தில் ஒரு மாதம்தான் இந்த ஊர் இரக்கம் காட்டும். நோன்பு மாதத்தில், நோன்பு திறக்கச் சொல்லும் மக்ரிப் பாங்கு ஓய்ந்ததும் தெரு அப்படியே அடங்கிப்போகும். எல்லாரும் மேசையில், ஹரீரா சூப் கிண்ணத்துக்கு முன்னால். அந்த நேரத்தில்தான் நுவாரா ஒரு பேரீச்சம்பழத்தையும் ஒரு மடக்கு மோரையும் விழுங்கிவிட்டு, சமையலறையை ஒட்டிய ஜன்னலில்லாத சாமான் அறையில் மைக்குக்கு முன்னால் போய் உட்காருவாள். வெறும் வயிறு இரைகிற சத்தம்கூட மைக்கில் விழும். அதையும் உட்கார்ந்து கத்தரிக்க வேண்டும்.

வளைகுடாவில் இருக்கும் ஒரு நிறுவனத்துக்கு அவள் நாவல்களைப் படித்து ஒலிப்புத்தகமாகக் கொடுக்கிறாள், ஸெல்மா என்ற பெயரில். சொந்தப் பெயரைச் சொல்ல முடியாது. சொன்னால் லக்தருக்குத் தெரிந்துவிடும். லக்தர் அவள் புருஷன். கடைசியாக அவன் அடித்ததில் தாடை எலும்பு விட்டுப்போய், ஒட்டிய பிறகும் வாயை அகலத் திறந்தால் கடக் என்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகாமல் நேரே பஸ் ஏறி இந்த ஊருக்கு வந்துவிட்டாள். இங்கே இந்த வேலை போனால் வாடகை போகும், வாடகை போனால் மஸ்கராவில் இருக்கும் அண்ணன் வீடுதான் கதி, அண்ணனோ அவளைத் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டுபோய் லக்தர் வாசலில் இறக்கிவிடுகிற ஆள். அடுத்த முறை தாடையோடு நிற்காது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அதனால்தான் நிறுவனக்காரர்கள் முதல் மாதிரியைத் திருப்பி அனுப்பி, என்னம்மா குளியலறையிலிருந்தா பேசுகிறாய், பெருநாளைக்குள் முழு நாவலும் எதிரொலி இல்லாமல் வந்தால் பார்ப்போம் என்று எழுதியபோது அவள் அன்றைக்கே எதிரொலியை அடக்க வழி தேடினாள். ஐரோப்பாவிலிருந்து வரும் பஞ்சுப் பலகைகளுக்கு அவளிடம் வசதியில்லை. முட்டை அட்டையை ஒட்டிப் பார்த்தாள். அறை கோழிக்கடை மாதிரி ஆனதே தவிர எதிரொலி அசையவில்லை. யாரோ ஒரு ஒலிப்பதிவுக்காரர் இணையத்தில் சொல்லியிருந்தார்: தடிமனான ஆட்டு ரோமம் போதும், ஆனால் சுவரோடு ஒட்டாதே, பின்னால் ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி விடு, தடித்த சத்தங்களை அந்த இடைவெளிதான் தின்னும், மூலைகளில் மெத்தையைச் சுருட்டி நிறுத்து.

ஆட்டுரோம மெத்தையை இப்போது ஓரானில் சீந்துவார் இல்லை. மதீனா ஜெதீதா சந்தையில் பழைய சாமான் விற்கும் பூஅலாம், நீலக் கோடு போட்ட உறையோடு ஒரு கட்டு மெத்தையைத் தள்ளிவிட்டால் போதும் என்று கொடுத்தான். எல்லாம் ஒரே வீட்டுச் சாமான், கல்யாணச் சீர் மெத்தை என்றான். வண்டியில் ஏற்றும்போது ஒரு வார்த்தையும் சொன்னான்.

“இதுக்குள்ள நின்னு நீ தொண்ட கிழியக் கத்துனாலும் பக்கத்து வீட்டுப் பூனைக்குக்கூடக் கேக்காது தங்கச்சி.”

அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. தன் குரல் ஒரு சுவரையும் தாண்டக்கூடாது.

அடுத்தவர் மெத்தையை வாங்கினால் முதலில் பிரிக்க வேண்டும். ரோமத்தை அள்ளி மொட்டைமாடியில் கொட்டிக் கழுவி, அக்கம்பக்கத்துப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து கம்பால் அடித்துத் துவைத்து, வெயிலில் பூப்போல் உதிர்ந்த பிறகுதான் திரும்ப அடைப்பார்கள். பழைய ஆட்களின் வேர்வையும் வியாதியும் கண்ணீரும் அதில்தான் போகும் என்பார்கள். நுவாராவுக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் மொட்டைமாடிக்குப் போனால் பெண்கள் கூடுவார்கள், கூடினால் எந்த ஊர், யார் மகள், புருஷன் எங்கே என்று கேட்பார்கள். அதனால் பிரிக்காமல், கழுவாமல், அடிக்காமல், அப்படியே சுவரிலிருந்து ஒரு கை நுழையத் தள்ளி, ரீப்பர் மரக் கட்டைகளில் ஆணியடித்து மாட்டினாள். மிச்சத்தைச் சுருட்டி மூலைகளில் நிறுத்தினாள். பிறகு நடுவில் நின்று கைதட்டிப் பார்த்தாள். சத்தம் கையை விட்டுக் கிளம்பியதும் செத்தது. ஆட்டுக்கொழுப்பும் பழைய வேர்வையும் கலந்த வாடை அடித்தது, அதற்கடியில் துருப்பிடித்த இரும்பு மாதிரி இன்னொரு வாடையும் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று சந்தோஷப்பட்டாள்.

நிறுவனத்துக்கும் சந்தோஷம். குரல் பட்டுப்போல் இருக்கிறது என்று எழுதினார்கள். முதல் அத்தியாயத்தை எல்லாரும் கேட்கும்படி இணையத்தில் போட்டுவிட்டதாகவும் எழுதினார்கள்.

மெத்தை மாட்டிய முதல் நாள் பதிவில் தொடங்கிய அந்தத் தொப் மட்டும் நிற்கவில்லை. ஒவ்வொரு நாளும் அவள் படிக்கும்போது அறையில் ஒன்றும் கேட்காது. மடிக்கணினியில் திரும்பப் போட்டால் இருக்கும். முதலில் மூச்சுக்களில் மட்டும் இருந்தது, பிறகு வார்த்தைகளுக்கு நடுவிலும் விழுந்தது. கம்பளியை அடிக்கிறவர்களுக்கு ஒரு தாளம் உண்டு, சிரிப்பும் பாட்டும் கூடவே வரும். இதில் தாளம் இல்லை. அடிக்கிறவன் களைத்து நிற்பதும், இடம் மாறி நிற்பதும், கம்பை வேறு கைக்கு மாற்றுவதும் கேட்டது. அடி வாங்கிப் பழகிய காது அவளுடையது. அடிபடுவது ரோமமா உடம்பா என்று அதற்குப் பிரித்துச் சொல்லத் தெரியும். ஒருநாள் சத்தத்தைக் கடைசி அளவுக்கு ஏற்றி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அடிக்கும் அடிக்கும் நடுவே, மைக்குக்கு மிக அருகில், பல்லில்லாத வாயிலிருந்து வருவதுபோல ஒரு பெண் குரல்.

“கேக்குதா?”

ஹெட்போனைப் பிய்த்து எறிந்தாள். அன்றைக்கு விளக்கை அணைக்காமலே படுத்தாள்.

மறுநாள் நோன்பு திறக்கும் முன் யமீனா சாச்சி கிண்ணத்தில் ஹரீராவும் மேலே பொரித்த புரேக் சுருள் இரண்டும் வைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். மாடி வீட்டுக்காரி, இந்தக் கட்டடத்திலேயே கிழவியானவள். தனியாக இருக்கிறவளுக்கு இந்த மாதத்தில் ஒரு தட்டு அனுப்பாமல் அவளுக்குத் தொண்டையில் இறங்காது. வாசலில் நின்றபடியே உரிமையோடு கேட்டாள்.

“நேத்து அந்தக் கப்பல்காரன் செத்தானா இல்லையா? நடுவுல நிறுத்திட்டியே மகளே.”

நுவாராவின் கை கிண்ணத்தோடு நின்றது. “உங்களுக்குக் கேக்குதா சாச்சி?”

“கேக்காம? நாங்க டிவிய அமத்திட்டு உன் கதையத்தான் கேக்குறோம். கீழ் வீட்டுலயும் அப்படித்தான்.”

கட்டடத்தின் நடுவில் காற்றுக்காக மேலிருந்து கீழ்வரை ஒரு இடுக்கு விட்டிருந்தார்கள். எல்லாச் சமையலறை ஜன்னல்களும் அதில்தான் திறக்கும். அப்போதுதான் நுவாராவுக்கு உறைத்தது. அறைக்குள் சத்தம் திரும்பி வராமல் மெத்தை தடுக்கும், அவ்வளவுதான். வெளியே போவதைத் தடுக்க அதற்கு வக்கில்லை. அதற்கு இன்னொரு செங்கல் சுவரும் கனமான கதவும் வேண்டும். இத்தனை நாளாக அவள் ஒளிந்திருக்கவே இல்லை. முழுக் கட்டடத்தின் மேசைகளிலும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்திருக்கிறாள்.

யமீனா குரலைத் தாழ்த்தினாள். “அந்த அடிச் சத்தம் வரும்போது மட்டும் டிவிய சத்தமா வச்சுக்குவோம். புருஷன் பொண்டாட்டி விஷயத்துல நாங்க தலையிட மாட்டோம், நீ கவலப்படாத.”

“இங்க யாரும் இல்ல சாச்சி. நான் மட்டுந்தான்.”

கிழவி நம்பாத கண்ணோடு அவளைத் தாண்டி உள்ளே பார்த்தாள். சாமான் அறைக் கதவு திறந்திருந்தது. நீலக் கோடுகளைப் பார்த்தாள். விறுவிறுவென்று போய் ஒரு மெத்தையின் விளிம்பைத் தடவினாள். அங்கே சிவப்பு நூலில் பெருக்கல் குறி போட்ட தையல் ஓடியது. கையைச் சுட்டதுபோல் எடுத்துக்கொண்டாள்.

“இது நான் தச்சது. கெய்ரா கல்யாணத்துக்கு.”

கெய்ரா இதே வீட்டில் வாழ்ந்து செத்தவள் என்பதையும், அவள் புருஷன் எல்லாவற்றையும் சந்தைக்காரனுக்கு விற்றுவிட்டுப் பிரான்ஸுக்குப் போய்விட்டான் என்பதையும் நுவாரா கேட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. படிக்கட்டில் விழுந்துவிட்டாள் என்று அவன் சொன்னானாம். போலீஸ் வந்தபோது கட்டடத்துக்காரர்களும் அதையே சொன்னார்களாம்.

“அவங்க கத்தலையா?”

“சுவத்தத் தட்டுவா. சாச்சி, கேக்குதா, சாச்சி, கேக்குதான்னு. அம்புட்டுதான்.”

“நீங்க?”

யமீனா கிண்ணத்தைப் பார்த்தாள். “நோன்பு தொறக்குற நேரம் மகளே. எல்லாரும் மேசைல உக்காந்திருந்தோம். டிவி ஓடிக்கிட்டிருந்துச்சு.”

கிழவி போன பிறகு மெத்தைகளைப் பிடுங்கி எறிய நுவாரா சுத்தியலை எடுத்தாள். ஆணியில் வைத்துவிட்டு நின்றாள். பெருநாளைக்கு ஒரு வாரம்கூட இல்லை. நாவலில் பாதி பாக்கி. மெத்தை போனால் எதிரொலி வரும், எதிரொலி வந்தால் வேலை போகும், வேலை போனால் லக்தர். செத்தவளைவிட உயிரோடிருக்கிறவனுக்குத்தான் அவள் அதிகம் பயந்தாள். சுத்தியலைக் கீழே வைத்தாள்.

அதற்குப் பிறகு முதுகைச் சுவருக்குக் காட்டாமல் உட்கார்ந்து படித்தாள். மூலையில் சுருட்டி நிறுத்திய மெத்தை ஒருநாள் நேராக நிற்கும். மறுநாள் நடுவில் மடிந்து, வயிற்றில் குத்து வாங்கிய ஆள் மாதிரி குனிந்து நிற்கும். நிமிர்த்தி வைப்பாள். உறைத்துணி உள்ளங்கைக்கு வெதுவெதுப்பாக இருக்கும். சுவருக்கும் மெத்தைக்கும் நடுவே விட்ட இருட்டு இடைவெளியிலிருந்து காற்று வரும், நிற்கும், வரும். அங்கே காற்று வர வழியே இல்லை.

லக்தர் வந்தது இருபத்தேழாம் நோன்பன்று.

பாங்கு ஓய்ந்து தெரு அடங்கியிருந்தது. அவள் பேரீச்சம்பழத்தின் கொட்டையை நாக்கால் ஒதுக்கிக்கொண்டே மைக்கை இயக்கினாள், சிவப்பு விளக்கு எரிந்தது. கதவு தட்டப்பட்டது. யமீனா வீட்டிலிருந்து தட்டு வந்திருக்கும். இந்த நேரத்துத் தட்டலுக்கு யார் என்று கேட்டுவிட்டா திறப்பார்கள்? திறந்தாள். ஆவி பறக்கும் ஹரீராக் கிண்ணம் நீண்டது. பழக்கத்தில் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். பிறகுதான் முகத்தைப் பார்த்தாள்.

“மேல் வீட்டம்மா குடுத்து விட்டாங்க. நல்ல மனுஷி. நெட்டுல உன் குரலத்தான் ஊரே கேக்குதே, நான் கேக்க மாட்டனா? புருஷன்னு சொன்னதும் உன் கம்பெனிக்காரன் விலாசத்தையே குடுத்துட்டான்.”

கிண்ணம் விழுந்து உடைந்தது. சூடு கணுக்காலில் தெறித்தது. அவள் ஓடியது சாமான் அறைக்குத்தான், ஓட வேறு இடம் இல்லை. கதவைச் சாத்துவதற்குள் அவன் பாதம் நுழைந்துவிட்டது. மிச்சமிருந்த ரீப்பர் கட்டை ஒன்று சுவரோரம் சாய்ந்திருந்தது. அவன் கண் அதைத்தான் முதலில் பார்த்தது.

“தினமும் ஒருத்தன் இங்க வந்து உன்ன அடிக்கிறானாமே. அந்தம்மா சொல்லுது. யாரு அவன்?”

“யாரும் இல்ல.”

“என்னத் தவிர உன்ன அடிக்கிறதுக்கு யாருடி இருக்கா?”

முதல் அடி தோளில். எலும்பின் சத்தம் அவளுக்கு உள்ளே கேட்டது. இரண்டாவது விலாவில். மூச்சு நின்றது. மைக் சாய்ந்தது, சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. மூன்றாவது அடியில் பழைய தாடை மறுபடி விட்டுக்கொள்ள, வாயில் ரத்தமும் பேரீச்சம்பழக் கொட்டையும் சேர்ந்து புரண்டன. அவள் கத்தினாள். மானம் மரியாதை பார்க்காமல், பெயர் சொல்லிக் கத்தினாள்.

“சாச்சி! யமீனா சாச்சி! கேக்குதா?”

கரண்டிச் சத்தம் மாடியில் நின்றது. கேட்கிறது. கண்டிப்பாகக் கேட்கிறது.

டிவி போட்டார்கள். முதலில் மாடியில். பிறகு கீழ் வீட்டில். பிறகு அதற்கும் கீழே. அந்த இடுக்கு நெடுகச் சிரிப்புச் சத்தம் ஏறியது.

லக்தர் கட்டையை ஓங்கினான். தொப்.

கட்டை இன்னும் அவன் தலைக்கு மேலேயே இருந்தது.

அவன் திரும்பிப் பார்த்தான். தொப். இடது சுவர். தொப். பின்னால். ஆணிகள் ஒவ்வொன்றாகத் துள்ளி விழுந்தன. மூலையில் சுருண்டு நின்ற மெத்தை மெல்ல நிமிர்ந்தது.

“யார்ரா அங்க?” என்றான். குரல் அறையில் ஒட்டாமல் செத்தது.

சுவரோரத்து மெத்தை உப்பி அவன் ஓங்கிய கையைத் தொட்டது. தொட்டதுதான். மணிக்கட்டு பின்பக்கமாக மடிந்தது. கட்டை கீழே விழவில்லை. வேறு யாரோ வாங்கிக்கொண்டார்கள். முழங்காலில் ஒரு அடி. வாயில் ஒரு அடி. பற்கள் நுவாராவின் மடியில் தெறித்தன. ஏதோ ஒன்று அவன் முடியைப் பிடித்து இடைவெளியை நோக்கி இழுத்தது. ஒரு கை நுழையும் இடம் அது. அவளே அளந்து விட்டது. அதில் ஒரு முழு ஆள் நுழைய என்னென்ன உடைய வேண்டுமோ, ஒவ்வொன்றாக உடைந்தது. தோள். நெஞ்சுக்கூடு. இடுப்பு. நீலக் கோடுகள் சிவந்து கறுத்தன.

அவள் தவழ்ந்து வெளியே வந்தாள். கதவைச் சாத்தினாள். சாத்துவதற்கு முன் கடைசியாகப் பார்த்தது, மெத்தையின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருந்த அவன் நான்கு விரல்களை. ஒவ்வொரு அடிக்கும் அவை விரிந்து சுருங்கின. உயிர் இருந்தது.

“நுவாரா,” என்றான் உள்ளிருந்து. “நுவாரா. கேக்குதா?”

கேட்டது. எல்லாம் கேட்டது. கதவைத் திறக்கலாம். கத்தலாம். போலீஸைக் கூப்பிடலாம். விலாவைப் பிடித்துக்கொண்டு மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். தொப். நாளை யாராவது கேட்டால், படிக்கட்டில் விழுந்துவிட்டான் என்று சொல்லிவிடலாம். தொப். அவள் கை ரிமோட்டைத் தேடி எடுத்தது. டிவியைப் போட்டாள். யாரோ யாரையோ ஏமாற்ற, எல்லாரும் சிரித்தார்கள். அவன் குரல் இன்னும் கேட்டது. சத்தத்தை ஏற்றினாள்.

சாமான் அறையில் அடி நின்றது.

சட்டென்று. பாதி ஓங்கலில் நின்றதுபோல.

அவள் திரும்பவில்லை. திரும்பாமலே தெரிந்தது. துருப்பிடித்த இரும்பின் வாடை. ஈரமான துணி தரையில் இழுபடும் சத்தம். கைப்பிடி கீழிறங்கும் சத்தம். டிவித் திரையின் கண்ணாடியில், அவள் தோளுக்குப் பின்னால், கதவு திறந்தது. முழுசாக இல்லை. ஒரு கை நுழையும் அளவுக்கு. அதில் நீலக் கோடு தெரிந்தது, கட்டையின் முனை தெரிந்தது.

“கேக்குதா?” என்றாள் கெய்ரா.

நுவாராவின் கட்டைவிரல் ரிமோட்டின் பித்தானை விட்டு எடுபடவில்லை. சத்தம் ஏறிக்கொண்டே போனது.